பழுப்பு வண்டிக்கு வைத்த பொட்டு

ஆபீசில் டீ மேசைக்கு மேலே ஒரு படம் மாட்டியிருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். எண்ணூர் சாலையோரம் ஒரு ட்ரெய்லர் லாரி நிற்கிறது, பின்னால் கடல். வண்டியும் பழுப்பு, கடலும் பழுப்பு, வானம்கூடக் கழுவாத டீ கிளாஸ் நிறத்தில் இருக்கும். வண்டியின் நெற்றியில் மட்டும் நிஜச் சந்தனமும் நிஜக் குங்குமமும் அப்பியிருக்கும். புதிதாக வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே என்னிடம் வந்து, "ரோஸி மேடம், இது என்ன கதை?" என்று கேட்பது வழக்கம். இப்போது நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். கேட்க ஆளில்லாமல் நீங்களே ஒரு கதை கட்டிவிடுவீர்களோ என்று எனக்குப் பயம்.

நம் முதலாளி போன வாரம் போன் செய்து, புதுப் பசங்களுக்கு அனுபவத்திலிருந்து நாலு விஷயம் எழுதிக் கொடுங்கள் என்றார். பெட்டி எப்படிக் கட்டுவது, கஸ்டம்ஸ் காகிதம் எப்படிப் போடுவது என்பதெல்லாம் உங்களுக்குக் கம்ப்யூட்டரே சொல்லித் தருகிறது. நான் அந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறேன். இதில் முதலாளியும் கொஞ்சம் வருவார், அவ்வளவு நல்ல பெயரோடு வரமாட்டார். கேட்டவர் அவர்தான், பட்டுக்கொள்ளட்டும்.

நான் கல்மண்டபத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ஹார்பரில் சரக்கு தூக்குகிற விஞ்ச் ஓட்டினார். இந்தக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். வெளிநாடு போகிற, உடையக்கூடிய சரக்கைக் கட்டுகிற பிரிவுக்கு ஆண்கள் யாரும் வரமாட்டேன் என்றதால் அதை என் தலையில் கட்டினார்கள். உடைந்தால் திட்டு விழும், உடையாமல் போய்ச் சேர்ந்தால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். நீங்கள் சேர்ந்திருப்பதும் அந்தப் பிரிவில்தான், வாழ்த்துகள்.

அந்தப் பிரிவுக்கு வந்த முதல் வருஷமே பெயிண்ட்டரம்மா எனக்குக் கிடைத்தார். அவர் பெயரை எழுதப் போவதில்லை. இந்தப் பக்கம் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுமில்லை. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் தொடங்கி முகத்துவாரக்குப்பம் வரைக்கும் அவர் பெயிண்ட்டரம்மாதான். ஓவியர் என்று புரியாமல், வீட்டுக் கதவுக்குப் பெயிண்ட் அடிக்க முடியுமா என்று கேட்டவர்கள் உண்டு. அவரும் சளைக்காமல் போய் அடித்துக் கொடுத்துவிட்டு, மீன் குழம்பு சாப்பிட்டு வருவார்.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு துறைமுக ஊர் அவருடையது. அவருடைய அப்பா அங்கே கிரேன் ஓட்டியவர். என் அப்பா விஞ்ச், அவர் அப்பா கிரேன், எங்களுக்குள் பேச்சு ஒட்டிக்கொண்டதற்கு அது போதும். அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துப் போகிறபோது பார்த்த கப்பலையும் துருப்பிடித்த சங்கிலியையும் வரைய ஆரம்பித்திருக்கிறார். ஓவியக் கல்லூரியில் ஒரு வாத்தியார், பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த இரும்புக் கடையெல்லாம், பூ வரையக்கூடாதா என்றாராம்.

"நானும் வரைஞ்சேன் ரோஸி. ஒரே ஒரு ரோஜாப்பூ. கிரேன் கொக்கில மாட்டி வரைஞ்சி குடுத்தேன். அப்பால அந்தாளு என்னாண்ட பேசவே இல்ல."

ஆமாம், இப்படித்தான் பேசுவார். தமிழை அவர் காசிமேட்டில் மீன் விற்கிற பெண்களிடம் கற்றுக்கொண்டார். ஒருமுறை அவர் நாட்டு அதிகாரி ஒருவர், மெனக்கெட்டுத் தமிழ் படித்துவிட்டு வந்து, "வணக்கம் அம்மா, தாங்கள் நலமா?" என்று கேட்க, இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "சோக்கா கீறேன் நைனா, குந்து" என்றார். அந்த மனிதர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அவர் ஊரில் கப்பல் தளத்தை மூடிவிட்டார்கள். கிரேன்களை வெட்டி இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். மூடிப்போன துறைமுகத்தை யார் வாங்கி வரவேற்பறையில் மாட்டுவார்கள் என்று ஓவியக் கடைக்காரர்கள் எல்லோரும் கைவிரிக்க, பல வருஷம் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியையாக இருந்து பிழைத்திருக்கிறார். ஏதோ ஒரு விடுமுறைக்குத் தோழியைப் பார்க்கச் சென்னை வந்தவர், ஒரு விடிகாலையில் காசிமேட்டு மீன் ஏலத்தைப் பார்த்திருக்கிறார். அதற்குப்பின் கல்மண்டபத்தில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து, வருஷத்தில் பாதி இங்கே பாதி அங்கே என்று ஆரம்பித்து, போகப் போக அங்கே போவதே குறைந்துபோயிற்று.

எங்கள் மூலமாக அவர் முதன்முதலில் அனுப்பிய சரக்கிலேயே சொதப்பிவிட்டோம். பபிள் ரேப் தெரியுமில்லையா, காற்றுக் கொப்புளம் வைத்த பிளாஸ்டிக் தாள். அதைக் கொப்புளம் உள்பக்கம் இருக்கிற மாதிரி, சரியாகக் காயாத எண்ணெய் வண்ணத்தின் மேல் நேராகச் சுற்றிவிட்டார் அப்போதைய பேக்கிங் மேஸ்திரி. ஊர் போய்ப் பிரித்துப் பார்த்தால் கடல் முழுக்க அப்பளம் பொரித்த மாதிரி வட்டம் வட்டமாக இருந்ததாம். கட்டும்போதே மேஸ்திரிக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. சொன்னால் பிரச்சினை என்று மூடி அனுப்பிவிட்டார். அன்றைக்கு இருந்த பெரிய முதலாளியும், எங்களிடம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, கப்பலில் நடந்திருக்கும் என்று சாதித்துவிட்டார்.

திரும்பி வந்ததும் பெயிண்ட்டரம்மா ஆபீசுக்கே வந்தார். கத்தப் போகிறார் என்று எல்லோரும் ஆளுக்கொரு மூலைக்கு ஒதுங்கிவிட்டோம். அவர் மேஸ்திரி எதிரில் உட்கார்ந்து டீயை வாங்கிக்கொண்டார்.

"தப்பு பண்ணதுக்கு கோவம் இல்ல நைனா. நானும் தெனம் பண்றேன், சுரண்டி எட்த்துட்டு மறுபடி போட்றேன். ஆனா தப்புன்னு தெரிஞ்சா சொல்லு. சொன்னாத்தானே சரி பண்ண முடியும்? மூடி மட்டும் அனுப்பாதே."

அவ்வளவுதான் சொன்னார். டீயைக் குடித்து முடித்து, அடுத்த படத்தையும் எங்களிடமே கொடுத்துவிட்டுப் போனார். வேறு யாராக இருந்தாலும் கம்பெனியை மாற்றியிருப்பார்கள். அன்று முதல் அவர் படங்களை நான்தான் கட்டினேன். "மூடி அனுப்பாதே" என்கிற அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு இந்தத் தொழிலில் கிடைத்த முழுப் படிப்பும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெரிய முதலாளி காலமாகி, வெளிநாட்டில் படித்த மகன், அதாவது உங்கள் இன்றைய முதலாளி, புதிதாகப் பொறுப்பேற்றிருந்த சமயம். பெயிண்ட்டரம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அந்த நேரத்தில் அவர் சொந்த ஊர் அருங்காட்சியகத்திலிருந்து அழைப்பு வந்தது. அவர் வாழ்நாளில் வரைந்த படங்களுக்காக ஒரு முழு மண்டபத்தையே ஒதுக்குகிறார்களாம். யாருக்கு வேண்டும் இந்த இரும்புக் கடை என்று சொன்ன அதே ஊர். அந்த மண்டபத்தின் ஜன்னலுக்கு நேர் எதிரேதான் அவர் அப்பாவின் கிரேன் நின்றிருந்ததாம். இதை அவர் என்னிடம் மூன்று தடவை சொன்னார்.

பழைய படங்களை ஒவ்வொன்றாகக் கட்டி முடித்துப் பெட்டிகளில் ஆணி அடித்தாகிவிட்டது. கடைசி இரண்டு வருஷத்தில் வரைந்தவை மட்டும் தனியாக ஒரு பெரிய பெட்டி. அதில் ஒரு படம் இன்னும் ஈரம் காயவில்லை. மண்டபத்தின் பெரிய சுவருக்கென்று அவர் வைத்திருந்த படம் அது. நீங்கள் டீ குடித்தபடி பார்க்கிறீர்களே, அதேதான். எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கிற ட்ரெய்லர்களுக்கு எதிரே, கடற்சுவர் பக்கம் குடை நட்டு உட்கார்ந்து வரைந்தார். படத்தில் இருக்கிற வண்டி நம் கம்பெனி வண்டி. ஓட்டுநர் ஏழுமலையின் வண்டி. வரிசை நகராத மத்தியானங்களில் ஏழுமலை வண்டிக்கடியில் ஸ்டவ் பற்ற வைத்துச் சமைப்பான், இவர் போய்ப் பங்கு கேட்பார். அப்படி ஆன சிநேகம்.

படம் காயட்டும் என்று விம்கோ நகர் குடோனில் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தேன். நடுவில் ஆயுத பூஜை வந்தது.

நம் குடோனின் ஆயுத பூஜையை நீங்கள் இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள். சாமந்தி வாங்கி வருவது என் வேலை. நான் மாதா கோயில்காரியாக இருந்தாலும் அந்த வேலையை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. சந்தனக் கிண்ணமும் குங்குமமும் ஏழுமலை பொறுப்பு. லாரி, ஃபோர்க்லிஃப்ட், தராசு, சுத்தியல், கம்ப்யூட்டர், ஸ்டேப்ளர், டீ கெட்டில் என்று எதுவும் அவனிடம் தப்பாது. பெட்டி செய்கிற தச்சர் பஷீர் பாய் தன் ரம்பத்தைத் துடைத்து எடுத்து வந்து நீட்டுவார், பொட்டு வாங்கிக்கொண்டு முதல் பொரிப் பொட்டலத்தையும் அவரே எடுத்துக்கொள்வார். அன்றைக்கும் எல்லாம் அமோகமாக முடிந்தது. பூசணிக்காய் உடைத்தோம், சுண்டல் கொடுத்தோம். கிளம்பலாம் என்று மின்விசிறியை அணைக்கப் போனபோது பார்த்தேன்.

படத்தில் இருந்த வண்டியின் நெற்றியில் பொட்டு. ஏழுமலையின் கட்டைவிரல் எவ்வளவு அகலமோ அவ்வளவு சந்தனம், நடுவில் குங்குமம். ஈர வண்ணத்தில் நன்றாக அழுத்தி வைத்திருந்தான்.

முதலாளியும் பின்னாலேயே வந்துவிட்டார். நிமிஷத்தில் கைக்குட்டையை எடுத்துத் தண்ணீரில் நனைத்தார்.

"தொடச்சிட்டா போச்சு, ரோஸி மேடம்."

"தொட்டீங்கன்னா படம் போச்சு சார். கைய எடுங்க."

"அப்போ இப்படியே மூடி ஆணி அடிச்சிடுங்க. கப்பலுக்குச் சரக்கு ஒப்படைக்க நாளன்னைக்குத்தான் கடைசி. அங்க போய் அவங்க பார்த்துக்கட்டும், எங்க நடந்துச்சுன்னு யாருக்குத் தெரியப்போகுது? அந்த ஏழுமலைய நாளையிலிருந்து வர வேணாம்னு சொல்லிடுங்க."

ஏழுமலை கையில் சுண்டல் தொன்னையோடு வாசலில் நின்றிருந்தான். "அக்கா, நம்ம வண்டியாச்சேன்னு வெச்சேன்கா" என்றான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இப்படி ஒரு நாள் உங்களுக்கும் வரும். நெருக்கடி என்று வந்தால் நம் கை முன்னால் ஓடுகிறது, வாய் பூட்டிக்கொள்கிறது. துடைக்கிறோம், மூடுகிறோம், யாரையாவது வேலையைவிட்டு அனுப்புகிறோம். செய்ய வேண்டியதோ சுலபம். சரக்கு யாருடையதோ அவரைக் கூப்பிட வேண்டும். நான் முதலாளி முன்னாலேயே போனை எடுத்தேன்.

"அம்மா, உங்க படத்துல இங்க ஒரு தப்பு நடந்துபோச்சு. வண்டி மேல பொட்டு வெச்சுட்டாங்க."

"காலைல வர்றேன்" என்று வைத்துவிட்டார்.

காலையில் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஏழுமலை ஓடிப்போய், "மன்ச்சிக்கமா" என்றான். அவர் அவன் தோளைத் தட்டிவிட்டுப் படத்துக்கு முன்னால் வந்து நின்றார். கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். குனிந்தார். நானும் முதலாளியும் ஏழுமலையும் பின்னால் நின்று பார்த்தோம்.

"ஆமா, கீது. சின்னதுதான், ஒண்ணியும் ஆவல. மூடு ரோஸி."

முதலாளி சத்தமாகவே பெருமூச்சு விட்டார். நான் அவர் விரலைப் பார்த்தேன். அது வண்டியின் சக்கரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

முதலாளியிடம், சார் நீங்க போய் ட்ரெய்லருக்குச் சொல்லிடுங்க என்று அனுப்பினேன். ஏழுமலையை டீ வாங்கப் போகச் சொன்னேன். இருவரும் போனபின் கேட்டேன்.

"பொட்டு இன்னா கலர்மா?"

"குங்குமம் வேற இன்னா கலர்ல இருக்கும்? செவப்பு."

"எங்க கீது? தொட வேணாம், கையால காட்டுங்க."

அவர் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. பிறகு மெல்லப் பக்கத்திலிருந்த பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எவ்ளோ நாளா இப்படி?"

"ரெண்டு வருசம் இருக்கும். பொகை மாரி. மொதல்ல எண்ணூரு பொகைன்னு நெனச்சேன், ரோஸி. வூட்டுக்குள்ள வந்தும் போவல."

அவருடைய அம்மாவுக்குக் கண்ணில் ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். அதற்குப்பின் அந்தம்மா எதையும் பார்க்கவே இல்லையாம். அந்தப் பயத்தில் யாரிடமும் சொல்லாமல், ட்யூபில் இருக்கிற பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, பழக்கத்தில் கையை ஓட்டி வரைந்திருக்கிறார்.

"அந்த ஹால்ல போயி ஒரு தபா நின்னா போதும். எங்கப்பா கிரேன் இருந்த எடத்துக்கு எதிர்ல என் படம் தொங்கணும். அப்பால கண்ணு போனா போவட்டும். நீ மூடி அனுப்பிடு."

"மூடி அனுப்பாதேன்னு எனக்குச் சொல்லித் தந்தது யாரு?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "நீ பொட்டி கட்றவ. பொட்டியக் கட்டு" என்றார்.

அது எனக்கு வலித்தது. இத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பேசியதில்லை. ஆனால் பயந்தவர்கள் கோபமாகத்தான் பேசுவார்கள் என்பதை நான் ஹார்பர்காரர் வீட்டில் பார்த்து வளர்ந்தவள். நானும் அவர் பக்கத்தில் அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்தேன்.

"கட்டறேன்மா. பழைய படமெல்லாம் நாளைக்கே கப்பலேறும். நீங்க கண்ணால பாத்து வரைஞ்ச படம் அதெல்லாம். இந்தப் பொட்டிய மட்டும் நான் அனுப்ப மாட்டேன். ரெண்டு வருசமா வரைஞ்சத நீங்களே இன்னும் பாக்கல. ஊர் பாக்கறதுக்கு முன்னாடி நீங்க பாருங்க. பாத்துட்டு அனுப்புன்னு சொல்லுங்க, ப்ளேன்ல ஏத்தி எக்சிபிஷனுக்கு முன்னாடி கொண்டுபோய்ச் சேக்கறது என் பொறுப்பு."

"பாக்க முடியாம போச்சுன்னா?"

உள்ளதைத்தான் சொன்னேன். "தெரியாதும்மா. டாக்டர் கிட்ட கேப்போம்." பொய்யாக ஒரு தைரியம் சொல்லியிருந்தால் அவர் எழுந்து போயிருப்பார் என்று இன்றும் நினைக்கிறேன். ஏழுமலை டீயோடு வந்தான். வாங்கிக் குடித்தார். "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டார்.

எல்லாப் பெட்டிக்கும் சேர்த்துப் போட்ட கஸ்டம்ஸ் காகிதத்தைக் கடைசி நாளில் பிரித்து, ஒரு பெட்டியை நிறுத்தியதற்கு முதலாளியிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே விவரிக்கவில்லை. ஏழுமலை போனால் நானும் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். கதவை அறைந்து சாத்திக்கொண்டு உள்ளே போனவர், சாயங்காலம் வெளியே வந்து, அந்தம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப் போக வேண்டாம், என் காரை எடுத்துப் போங்கள் என்றார். முதலாளியைப் பற்றி நல்லதாகவும் ஒன்று எழுதிவிட்டேன், கணக்கு சரி.

கண்புரை நன்றாக முற்றிப் பழுத்துவிட்டது என்றார் டாக்டர். இவர் அம்மா காலத்து வைத்தியம் இல்லை இது, ஆனாலும் இவ்வளவு தள்ளிப்போட்டிருக்கக்கூடாது, ஒரு கண்ணை முதலில் பார்ப்போம் என்றார். ஆபரேஷன் அன்று வார்டு வெளியே நானும் ஏழுமலையும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் ஜெபமாலையை உருட்டினேன். அவன் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொல்லித்தான் அவர் இந்த ஆபரேஷனுக்கு வந்தார். அந்தக் கண் போய்விட்டால் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கட்டைப் பிரித்தபோது அவர் முதலில் பார்த்தது என்னைத்தான். உற்றுப் பார்த்தார்.

"இன்னா ரோஸி, இத்தினி நரைச்சிட்டியா நீ?"

நான் அழுத அழுகையில் நர்ஸ் வந்து திட்டினார்.

டாக்டர் அனுமதி கொடுத்த அன்றே கறுப்புக் கண்ணாடியோடு குடோனுக்கு வந்து நின்றார், பெட்டியைத் திற என்று. ஏழுமலையின் படத்தை வாசல் வெளிச்சத்தில் வைத்தோம். பொட்டைப் பார்த்ததும் சிரித்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதன்பின் சிரிப்பு அடங்கிப்போயிற்று. படத்தைப் பார்த்தார், வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"ஏழுமல, உன் வண்டி எப்போ பெயிண்ட் மாத்தினே?"

"மாத்தலயேமா. எப்பவும் நீலம்தான்."

"நான் இங்க பழுப்பு போட்டுகீறனே! கடலும் பழுப்பு. அல்லாத்தியும் பழுப்பாக்கி வெச்சிகீறேன். நீ பாத்தியா இல்லியா?"

"பாத்தேன்மா."

"ஏன்யா சொல்லல?"

ஏழுமலை நெளிந்தான். "நீ எம்மாம் பெரிய பெயிண்ட்டரு. ஒரு காரணமாத்தான் போட்ருப்பேன்னு வுட்டேன். ஆனா பாக்கறப்ப நம்ம வண்டி மாரியே இல்ல. மன்சு கேக்கல. பொட்டு வெச்சப்பறம்தான் நம்ம வண்டி ஆச்சு."

பெயிண்ட்டரம்மா பஷீர் பாய் பக்கம் திரும்பினார். "நான் மாடர்ன் ஆர்ட்டுன்னு நெனச்சேன்மா" என்றார் பாய். என் பக்கம் திரும்பியபோது நான் வாசலைப் பார்த்தேன். குடோனில் அந்தப் படத்தைப் பார்க்காத ஆளில்லை. கடல் பழுப்பு என்று தெரியாத ஆளுமில்லை. மரியாதை என்று நினைத்து ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. ஒரு வார்த்தை யாராவது கேட்டிருந்தால் இன்னும் முன்னாலேயே அவர் கண்ணைக் காட்டியிருப்பார்.

"பேஜாரு பண்ணிட்டீங்களே, அத்தினி பேரும்" என்றார். ஆனால் அந்தக் குரலில் கோபம் இல்லை. அன்றே ஆள் அனுப்பி வீட்டிலிருந்து துணி, பலகை, சீக்கிரம் காயும் வண்ணம் எல்லாம் வரவழைத்தார். ஏழுமலை வண்டியை வாசலில் நிறுத்தச் சொல்லி, அதே படத்தை, அதே அளவில், பார்க்கிற ஒரு கண்ணை வைத்துக்கொண்டு புதிதாக வரைய ஆரம்பித்தார். கடலுக்கு மட்டும் ஏழுமலை அவரை எண்ணூருக்கு இட்டுப் போனான்.

தினமும் சாயங்காலம் தூரிகையைக் கழுவிவிட்டு எங்களை வரிசையாக நிற்க வைத்து ஒரே கேள்வி கேட்பார். "இன்னா தப்பு கீது, சொல்லு."

முதல் நாள் எல்லோரும், சூப்பர்மா, ஒன்றும் இல்லை என்றோம். அவர் போகவிடவில்லை. அடுத்த நாள் ஏழுமலை தயங்கித் தயங்கி, "என் வண்டில லெப்ட் கண்ணாடி ஒடஞ்சிகீதுமா, நீ முழுசா போட்டுகீறே" என்றான். அவர் அப்போதே மாற்றினார். அதன்பின் வாய் திறந்துவிட்டது. பாய் கூடச் சொன்னார், நான் சொன்னேன், முதலாளியும் ஒருநாள் வந்து டயர் ஒன்று சின்னதாக இருக்கிறது என்றார். சிலதை மாற்றினார், சிலதற்கு, போய்யா, எனக்கு அப்படித்தான் வேணும் என்றார். கடைசி நாள் ஏழுமலை சந்தனக் கிண்ணத்தோடு வந்து ஆசையாகப் பார்த்தான். அவர் கிண்ணத்தைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, பொட்டைத் தானே வரைந்தார்.

பெட்டியிலிருந்த மற்றப் படங்களை அவர் வீட்டுக்கே திருப்பி எடுத்துக்கொண்டார். அந்த நீல வண்டிப் படத்தை மட்டும் நான் என் கையால் கட்டி விமானத்தில் ஏற்றினேன். பின்னாலேயே அவரும் போனார். கண்காட்சி திறந்த அன்று அங்கிருந்து போன் செய்தார். பின்னணியில் ஒரே இரைச்சல். பெரிய சுவரில் ஏழுமலை வண்டி தொங்குகிறது என்றார். பின்பு சொன்னார், தொண்ணூறு தாண்டிய ஒருவர் கைத்தடி ஊன்றி வந்தாராம், பெயிண்ட்டரம்மாவின் அப்பாவோடு கிரேன் ஓட்டியவராம். பெயிண்ட்டரம்மா ஆரம்ப காலத்தில் வரைந்த ஒரு படத்தின் முன்னால் நின்று, பொண்ணே, இந்தக் கயிறு சுற்றியிருக்கிறது தப்பு, எங்கள் துறைமுகத்தில் இந்தப் பக்கமாகத்தான் சுற்றுவோம் என்றாராம்.

"அம்மாம் வருசமா அந்தக் கயிறு தப்பா கீது ரோஸி. எங்கப்பாவும் அந்தப் படத்தப் பாத்தாரு. அவரும் சொல்லல. நான் அங்கியே அழுதுட்டேன். இன்னா சந்தோசம் தெரியுமா எனக்கு!"

அவர் எங்களிடம் முதன்முதலில் சொன்னது என்ன, கடைசியில் அவருக்கே நாங்கள் சொல்லாமல் விட்டது என்ன என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். நல்ல வேளையாக ஏழுமலைக்கு மனசு கேட்கவில்லை. அந்தக் கட்டைவிரலுக்கு நான் நன்றி சொல்கிறேன். கையை நீட்டிக் காட்டுங்கள் என்று கேட்கிற தைரியத்தை எனக்குக் கொடுத்ததும் பெயிண்ட்டரம்மாதான், அவருக்கும் நன்றி. இந்தப் பிரிவில் என்னைத் தள்ளிவிட்ட பழைய டைப்பிங் செக்‌ஷன் ஆண்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

பழுப்பு வண்டியை எரித்துவிடலாமா என்று ஏழுமலை கேட்டான். அவர் விடவில்லை. "புரை வழியா எனக்கு அப்போ அல்லாம் இப்படித்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சத வரைஞ்சேன். அது கெடக்கட்டும்" என்று சொல்லி ஆபீசுக்குக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஸ்டேப்ளருக்கும் கெட்டிலுக்கும் நடுவில் அந்தப் படத்துக்கும் பொட்டு உண்டு. பழையது உதிர்ந்திருக்கும், புதியதை அதே இடத்தில் வைக்க வேண்டும். ஏழுமலைக்கு இப்போது முட்டிவலி, ஏணி ஏற முடியாது. இந்த வருஷம் உங்களில் ஒருவர்தான் வைக்க வேண்டும்.

பெயிண்ட்டரம்மாவுக்கு இரண்டாவது கண்ணும் சரியாகிவிட்டது. இன்னும் அதே மாடி வீட்டில்தான் இருக்கிறார். பூஜைக்குக் கட்டாயம் வருவார். தான் புதிதாக வரைந்த எதையாவது கையோடு எடுத்து வந்து சுவரோரம் சாய்த்து வைப்பார். சுண்டலை வாங்கி உங்களுக்கு எதிரில் உட்கார்ந்து, உங்கள் முகத்தையே பார்த்து, "இன்னா தப்பு கீது, சொல்லு" என்பார்.

அவரிடம் போய், "சூப்பர்மா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.